மருந்தடிக்கும் ட்ரோன் மக்கர் செய்தால்: டெல்டா வயல்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

இது 10 லிட்டர் டேங்க் உள்ள மருந்தடிக்கும் ட்ரோன்களுக்கானது. தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கம் வாடகைக்கு ஓடுபவை பெரும்பாலும் இந்த ரகம்தான். உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் இரண்டில் ஒன்றாக இருக்கும். ஒன்று, ஆர்டுபைலட் என்ற திறந்த மென்பொருள் ஓடும் கியூப் அல்லது பிக்ஸ்ஹாக். இன்னொன்று, ஜியி கே++ மாதிரி மூடிய பெட்டி. முதல் ரகத்தில் எல்லா பாராமீட்டரையும் (அமைப்பு மதிப்புகளை) திறந்து பார்க்கலாம். இரண்டாவதில் ஆப் காட்டுவதுதான் தெரியும். கோளாறுகள் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே.

எந்தக் கோளாறாக இருந்தாலும், கை வைப்பதற்கு முன் மூன்றை எடுத்து வையுங்கள்: கன்ட்ரோலரின் எஸ்டி கார்டில் உள்ள லாக் (பறப்புப் பதிவு), இப்போதைய பாராமீட்டர் கோப்பு, ஃபர்ம்வேர் (கருவிக்குள் ஓடும் மென்பொருள்) பதிப்பு எண். ஆர்டுபைலட்டில் லாக், கார்டின் 'ஏபிஎம்' ஃபோல்டருக்குள் 'லாக்ஸ்' என்ற இடத்தில் இருக்கும். கார்டில் இடம் குறைந்தால் பழைய லாக்கை கன்ட்ரோலரே அழித்துவிடும். கோளாறு வந்த கையோடு காம்பஸ் காலிபரேஷன் போட்டு, பாராமீட்டரை ரீசெட் செய்து, அப்டேட்டும் ஏற்றிவிட்டு, அதற்குப் பிறகு மெக்கானிக்கைக் கூப்பிடுபவர்கள்தான் அதிகம். அப்போது எது காரணம் என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது.

ஆர்ம் ஆக மறுக்கிறது

ஆர்ம் என்றால் மோட்டார்கள் சுற்றத் தயாராவது. திரையில் மெசேஜ் பகுதியைத் திறந்து 'ப்ரீஆர்ம்' என்று தொடங்கும் வரியைப் படியுங்கள். காரணம் அதிலேயே இருக்கும். ஆர்மிங் செக்கை மொத்தமாக அணைத்துவிட்டுப் பறக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. 20 கிலோவுக்கு மேல் எடை தூக்கும் இயந்திரத்தில் அதைச் செய்யாதீர்கள்.

'காம்பஸஸ் இன்கன்சிஸ்டன்ட்' என்று வந்தால் முதலில் நிற்கும் இடத்தைப் பாருங்கள். நெல் காயப்போடும் கான்கிரீட் களம், வாய்க்கால் மதகின் மேல்தளம், டிராக்டர் டிரெய்லரின் பக்கம் என்று சேறில்லாத இடமாகப் பார்த்துத்தான் ட்ரோனை வைக்கிறோம். களத்துக்கும் மதகுக்கும் உள்ளே கம்பி ஓடுகிறது. பத்து மீட்டர் தள்ளி மண் வரப்பில் பலகை போட்டு வைத்துப் பாருங்கள். மெசேஜ் மறைந்தால் காம்பஸில் குறையில்லை, காலிபரேஷனும் தேவையில்லை. களத்தின் மேல் வைத்தே காலிபரேஷன் போட்டுவிட்டால் கம்பியின் காந்தத்தையும் சேர்த்துக் கணக்கில் ஏற்றிவிடுவீர்கள். வயலுக்கு மேலே போனதும் அது தப்பாகக் காட்டும்.

'நீட் 3டி ஃபிக்ஸ்', 'எச்டிஓபி ஹை' என்று வந்தால் காத்திருப்பதே மருந்து. எச்டிஓபி (இடக்கணிப்பு எவ்வளவு பிசகலாம் என்பதன் அளவு) 1.4-க்குக் கீழே வர வேண்டும் என்பது ஆர்டுபைலட்டின் இயல்பு அளவு. பல வாரம் கிடப்பில் இருந்த கருவி, செயற்கைக்கோள் பட்டியலை முழுதாக இறக்க 12.5 நிமிடம் வரை எடுக்கும். தென்னை நிழலில் வைத்துக் காத்திருந்தால் இன்னும் இழுக்கும்.

'கைரோஸ் நாட் காலிபரேட்டட்' வந்தால், பேட்டரி சொருகும்போது கருவி ஆடியிருக்கிறது என்று பொருள். சேற்றில் கால் இறங்கிக்கொண்டே இருந்தாலும் இதே கதைதான். கெட்டித் தரையில் வைத்து, கை படாமல் மறுபடி பவர் கொடுங்கள்.

ஓரிடத்தில் நிற்காமல் வட்டமடிக்கிறது

லாய்ட்டரில் (இருந்த இடத்திலேயே நிற்கும் முறை) நிறுத்தினால் நிற்காமல் சுற்றத் தொடங்கி, வட்டம் பெரிதாகிக்கொண்டே போனால் அது காம்பஸ் கோளாறு. உடனே ஆல்டிட்யூட் ஹோல்டுக்கு (உயரத்தை மட்டும் பிடிக்கும் முறை) மாற்றி, கையால் ஓட்டி இறக்குங்கள். அந்த நிலையில் ஆர்டிஎல் (புறப்பட்ட இடத்துக்குத் தானே திரும்பும் கட்டளை) அழுத்தாதீர்கள். திசையே தப்பாகத் தெரியும் கருவிக்கு வீடு எந்தப் பக்கம் என்று எப்படித் தெரியும்?

முதல் சந்தேகம் பேட்டரி வயர் மேல். நிறை டேங்கோடு எழும்பும்போது பல பத்து ஆம்பியர் ஓடுகிறது. அந்த வயர் ஜிபிஎஸ் கம்பத்தின் அடி வழியாகப் போனால், த்ராட்டில் (மோட்டாருக்குத் தரும் விசை) ஏற ஏற காம்பஸ் நகரும். லாக்கில் காம்பஸின் மூன்று அச்சுகளின் மொத்தத்தையும் த்ராட்டிலையும் ஒரே வரைபடத்தில் போடுங்கள். டெல்டாவில் பூமியின் காந்தப் புலம் சுமார் 400 மில்லிகாஸ். த்ராட்டிலோடு சேர்ந்து அது 30 சதவீதத்துக்குள் அசைந்தால் சமாளிக்கலாம். 60-ஐத் தாண்டினால் வயரின் பாதையை மாற்றியே ஆக வேண்டும். பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கி ஓட்டுங்கள். ஜிபிஎஸ் கம்பத்தை இன்னும் 10 செ.மீ. உயர்த்தினாலும் பெரிய வித்தியாசம் தெரியும்.

வயரில் குறையில்லை என்றால் காலிபரேஷன். இதில் நம் ஊருக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. காந்த நிலநடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. அதனால் இங்கே காந்தப் புலம் கிட்டத்தட்டப் படுக்கையாகவே கிடக்கிறது. ட்ரோனை லேசாகச் சாய்த்துச் சுற்றினால் கிடையச்சுகள் இரண்டும் நன்றாகப் பதியும், செங்குத்து அச்சு அரைகுறையாகவே நிற்கும். ஆகவே இடப்பக்கம், வலப்பக்கம், மூக்கு கீழே, மூக்கு மேலே என ஒவ்வொரு நிலையிலும் முழு 90 டிகிரி சாய்த்து, அந்த நிலையிலேயே ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். இறக்கைகளைக் கழற்றி, டேங்கைக் காலி செய்துகொள்ளுங்கள். இரண்டு பேர் தூக்க வேண்டும். சட்டைப்பையில் போனும் இடுப்பில் சாவிக்கொத்தும் இருக்கக் கூடாது.

உயர் அழுத்த மின்கம்பிக்கு அடியில் மட்டும் வட்டமடித்து, தள்ளிப் போனதும் சரியாகிவிட்டால் கருவியைக் குறை சொல்லாதீர்கள். அந்தப் பட்டையை மிஷனிலிருந்து (பறக்கும் திட்டத்திலிருந்து) வெட்டி எடுத்துவிட்டு, அந்தத் துண்டுக்குக் கைத்தெளிப்பான் போதும்.

உயரம் ஏறி ஏறி இறங்குகிறது

நடவு முடிந்த புதிதில், வயலில் தண்ணீர் நிற்கும்போதுதான் இந்தப் புகார் அதிகம் வரும். கீழே பார்க்கும் ரேடாரின் அலை, அசையாத நீரில் பட்டு ஒரே திசையில் தெறித்துப் போய்விடுகிறது. கருவி மட்டமாக நிற்கும்போது அது திரும்பி வரும். வேகம் எடுக்க முன்னே சாய்ந்ததும் தொலைந்துவிடும். அப்போது கன்ட்ரோலர் காற்றழுத்த மானிக்குத் தாவும், நிமிர்ந்ததும் ரேடாருக்குத் திரும்பும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த ஏற்ற இறக்கம்.

முதலில் ரேடார் மூடியைத் துடையுங்கள். காய்ந்த மருந்தும் சேறும் படலமாக ஒட்டியிருந்தால் நல்ல பயிரின் மேலும் இதே தொல்லை வரும். மூடி சுத்தமாக இருந்தும் தொடர்ந்தால் வேகத்தை வினாடிக்கு 3 மீட்டருக்குக் குறைத்துப் பாருங்கள். வேகம் குறைந்தால் சாய்வும் குறையும். அப்படியும் நிற்கவில்லை என்றால், வயல் ஒரே மட்டமாக இருக்கும் பட்சத்தில், தரையைத் தொடரும் வசதியை அணைத்துவிட்டு 3 மீட்டர் நிலையான உயரத்தில் அடிக்கலாம். பயிர் தூர்கட்டி நீரை மறைத்ததும் திரும்பப் போட மறக்காதீர்கள். மறந்துவிட்டு மேட்டுத் திடலுக்கு ஓட்டிப்போய் வரப்பில் மோதுவதும் நடக்கிறது.

நேற்று போட்ட எல்லை இன்று தள்ளி நிற்கிறது

ஆர்டிகே (சென்டிமீட்டர் சுத்தமாக இடம் காட்டும் ஜிபிஎஸ் வசதி) வைத்திருந்தும் வரப்பைத் தாண்டிப் பக்கத்து வயலில் மருந்து விழுகிறதா? பேஸ் ஸ்டேஷனை (தரையில் நின்று ட்ரோனுக்குத் திருத்தம் அனுப்பும் ஜிபிஎஸ்) நேற்று வைத்த அதே புள்ளியில் வைத்தீர்களா என்று பாருங்கள். பேஸ், 'சர்வே-இன்' முறையில் தன் இடத்தைத் தானே கணித்துக்கொள்கிறது. அந்தக் கணிப்பு நாளுக்கு நாள் ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் மாறும். ட்ரோன் பேஸை ஒட்டியே தன் இடத்தைச் சென்டிமீட்டர் சுத்தமாகக் கணக்கிடும். பேஸ் இரண்டு மீட்டர் நகர்ந்தால் வயல் முழுதும் இரண்டு மீட்டர் நகரும்.

வழி எளிது. மேட்டில் ஓர் ஆணியடித்த கல் நட்டு, முதல் நாள் அரை மணி நேரம் சர்வே-இன் ஓடவிட்டு, வரும் ஆயத்தொலைவை ஏழு தசம இலக்கம் வரை எழுதி வையுங்கள். அடுத்த நாளிலிருந்து சர்வே-இன் வேண்டாம், 'ஃபிக்ஸ்டு' முறையில் அந்த எண்ணையே கொடுங்கள். முக்காலியின் உயரமும் மாறக் கூடாது.

திரையில் 'ஃபிக்ஸ்' இல்லாமல் 'ஃப்ளோட்' என்று நின்றால் திருத்தத் தகவல் சரியாக வந்து சேரவில்லை, அல்லது வானம் மறைந்திருக்கிறது. மொபைல் டேட்டா வழியாகத் திருத்தம் வாங்குபவர்களுக்கு சிக்னல் குறைந்த கடலோரக் கிராமங்களில் இது சகஜம். பகலில் நன்றாக ஓடிவிட்டு, இருட்டிய பிறகு எல்லை குறிக்கும்போது மட்டும் விட்டு விட்டுப் போனால் காரணம் மேலே இருக்கிறது. காந்த நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதியில், சூரியன் மறைந்த பின் அயனி மண்டலம் கலங்கி செயற்கைக்கோள் சிக்னலைச் சிதறடிக்கும். மார்ச், ஏப்ரல், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அது அதிகம். சூரியச் செயற்பாடு உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில் இன்னும் அதிகம். 2024-ல் அந்த உச்சம் வந்தது. எல்லை குறிக்கும் வேலையைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயம். ஆப்பில் நடந்து குறித்த எல்லை, மருந்தடிக்க மட்டும். வரப்புத் தகராறில் அதைக் காட்டி வாதாடாதீர்கள். அங்கே பேசுவது எஃப்எம்பி (நில அளவைப் புத்தகம்) வரைபடமும் சர்வேயர் சங்கிலியும்தான்.

ஏக்கர் கணக்கு பொருந்தவில்லை, மருந்து மிஞ்சுகிறது

ஓர் ஏக்கர் அடித்த பிறகு திரை 6 என்று காட்டினால் பதறாதீர்கள். ஆப்பின் அலகு 'மு' என்ற சீன அளவில் இருக்கிறது. ஒரு மு, ஹெக்டேரில் பதினைந்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 16.5 சென்ட். ஓர் ஏக்கருக்கு 6.07 மு. நம் மா 33 சென்ட் என்பதால் இரண்டு மு சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு மா. அப்டேட்டுக்குப் பிறகு அலகு தானாகத் திரும்பிவிடும் ஆப்களும் உண்டு. கூலி கணக்குப் போடும் முன் அலகு பக்கத்தைப் பாருங்கள். ஏக்கர் கணக்கில் வாடகை பேசிவிட்டு மு கணக்கில் சீட்டு நீட்டினால் அந்த ஊருக்குள் மறுபடி போக முடியாது.

பரப்பு சரி, மருந்து மட்டும் மிஞ்சுகிறது என்றால் ஃப்ளோ மீட்டர். வினாடிக்கு 4 மீட்டர் வேகம், 4 மீட்டர் அகலம் என்றால் நிமிடத்துக்கு 960 சதுர மீட்டர், ஏறக்குறைய கால் ஏக்கர். ஏக்கருக்கு 10 லிட்டர் விழ வேண்டுமானால் நிமிடத்துக்கு 2.4 லிட்டர் போக வேண்டும். பரிசோதிக்க, டேங்கில் 5 லிட்டர் வெறும் தண்ணீர் ஊற்றுங்கள். குழாயில் காற்று போகும் வரை பம்பை ஓட்டிவிட்டு, நாசில்களுக்கு அடியில் வாளி வைத்து ஒரு நிமிடம் பிடித்து அளவுக் குடுவையில் பாருங்கள். குடுவை 2.0 காட்ட, திரை 2.4 காட்டினால் திருத்த எண்ணை அந்த விகிதத்தில் மாற்றுங்கள். ஒவ்வொரு நாசிலிலும் தனித்தனியே பிடித்தால், ஒன்று மட்டும் குறைவாக வருவதும் தெரிந்துவிடும். அது சாஃப்ட்வேர் கோளாறே கிடையாது, அடைப்பு. தூள் மருந்தைச் சரியாகக் கரைக்காமல் ஊற்றினால் வடிகட்டி வலையில் களியாகப் படியும்.

டேங்கில் இரண்டு லிட்டர் இருக்கும்போதே 'மருந்து தீர்ந்தது' என்று திரும்பி வந்தால் நுரையைச் சந்தேகியுங்கள். ஒட்டு திரவம் சேர்த்த கலவையில் நுரைக் காற்று மீட்டருக்குள் போய் ஓட்டத்தைப் பூஜ்யம் என்று காட்டும்.

அப்டேட்டுக்குப் பிறகு குணம் மாறிவிட்டது

இதுதான் அதிகச் சேதம் செய்யும் பகுதி, ஆற அமரப் படியுங்கள். ஒரே ரகத்துக்கான புதிய ஆர்டுபைலட் பதிப்பை ஏற்றினால் பாராமீட்டர்கள் அழியாது. தவறி வேறு ரகத்தின் ஃபர்ம்வேரை ஏற்றிவிட்டுத் திரும்ப காப்டருக்கு வந்தாலோ, இடையில் யாராவது ரீசெட் அழுத்தினாலோ எல்லாம் ஆலை இயல்புக்குப் போய்விடும். அந்த இயல்பு மதிப்புகள் கைக்கடக்கமான சிறு ட்ரோன்களை மனதில் வைத்தவை. நம் கருவியில் என்ன ஆகும் என்று பாருங்கள்.

ஆர்டிஎல் உயரம் 15 மீட்டர். நெட்டைத் தென்னை 20 மீட்டருக்கு மேலும் போகும். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தோப்பை ஒட்டிய வயலில் சிக்னல் போய் ட்ரோன் வீடு திரும்பினால் நேராகக் குருத்தில்தான் போய் உட்காரும். குறைந்தது 30 மீட்டர் வையுங்கள்.

பேட்டரி எச்சரிக்கை 10.5 வோல்ட். 12எஸ் (12 செல்) பேட்டரி நிறைந்தால் 50.4, இறங்க வேண்டிய நேரத்தில் 43 அருகே. 10.5-க்கு அது வரும் முன் கருவி சேற்றில் கிடக்கும். எச்சரிக்கை ஒலிக்கவே ஒலிக்காது.

ஆட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரோல், பிட்ச் 'பி' மதிப்பு 0.135. 30 அங்குல இறக்கைக்கு அது பொருந்தும் என்று நம்பி எழுப்பினால் நடுக்கம் கண்டு புரளலாம். ஃபென்ஸ் (எல்லை தாண்டாமல் தடுக்கும் வேலி) அணைந்திருக்கும். ஃபிரேம் வகையும் பம்ப் ரிலேயும் மறந்துபோயிருக்கும்.

ஆகவே அப்டேட்டின் வரிசை இது. பாராமீட்டரைச் சேமி. இறக்கைகளைக் கழற்று. டேங்கைக் காலி செய். அப்டேட் ஏற்று. மிஷன் பிளானர் மென்பொருளின் ஒப்பிடும் வசதியில் பழைய கோப்பைத் திறந்து, மாறியவற்றை ஒவ்வொன்றாகப் பார். கண்ணை மூடிக்கொண்டு மொத்தக் கோப்பையும் எழுதாதே. பெரிய பதிப்பு மாற்றத்தில் சில பாராமீட்டர்களின் பெயர் மாறியிருக்கும், பழைய பெயரில் உள்ளவை ஏறாது. எழுதி முடித்ததும் 'ஏறவில்லை' என்று ஒரு பட்டியல் வரும். அதைப் படிக்காமல் மூடுபவர்களுக்குத்தான் அடுத்த நாள் வேலை வைக்கும்.

பிறகு மோட்டார் சோதனை. முன் வலது மோட்டாரில் தொடங்கி, கடிகாரச் சுற்றில் ஒவ்வொன்றாகச் சுற்ற வேண்டும். அடுத்து ரிமோட்டை அணைத்து, திரையில் நிலை மாறுகிறதா என்று பாருங்கள். ஆர்ம் ஆகி ஓடும் நிலையில்தான் இது தெரியும், அதனால் இறக்கை இல்லாமலே இந்தச் சோதனை. அதன் பின் இறக்கை மாட்டி, காலி டேங்கோடு மூன்று மீட்டரில் இரண்டு நிமிடம். இறக்கி மோட்டார்களைத் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் நிறுத்துங்கள். லாக்கில் அதிர்வு 30-க்குக் கீழே இருக்க வேண்டும், 60-ஐத் தாண்டினால் பறக்காதீர்கள். எல்லாம் சரி என்றால் ஐந்து லிட்டர் தண்ணீரோடு ஒரு தடவை, அப்புறம்தான் மருந்து.

எப்போது அப்டேட் போடுவது என்பதற்கும் பருவம் உண்டு. சம்பாவில் புகையான் பரவும்போது போடாதீர்கள். சம்பா அறுவடை முடிந்ததிலிருந்து ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கும் வரை அவகாசம் இருக்கிறது. மூன்று ட்ரோன் இருந்தால் ஒன்றில் மட்டும் ஏற்றி பத்து நாள் ஓட்டிப் பாருங்கள். 'அப்டேட் செய்தால்தான் பறப்பேன்' என்று அடம்பிடிக்கும் ஆப்களுக்கு, சீசனில் டேபின் (ஆப் ஓடும் டேப்லெட்டின்) தானியங்கி அப்டேட்டை அணைத்து வைப்பது ஓரளவு உதவும்.

டைப் சர்டிபிகேட் (வடிவமைப்புக்கான அரசுச் சான்று) பெற்ற ட்ரோனில் தயாரிப்பாளர் கொடுக்கும் ஃபர்ம்வேர் தவிர வேறெதையும் ஏற்றாதீர்கள். சர்டிபிகேட் அந்த வடிவமைப்புக்குத்தான். வாட்ஸ்அப் குழுவில் 'பூட்டு உடைத்த ஃபர்ம்வேர்' என்று சுற்றுவதை ஏற்றி விபத்து நடந்தால் காப்பீடும் கைவிடும், சட்டமும் கேள்வி கேட்கும்.

அப்டேட் பாதியில் நின்றுவிட்டது

பெரும்பாலும் கருவி சாகவில்லை. யூஎஸ்பி வயரை மாற்றுங்கள். போன் சார்ஜ் செய்ய மட்டுமே ஆகும் வயர்களில் தரவு போகாது. ஹப் வேண்டாம், லேப்டாப்பில் நேராகச் சொருகுங்கள். மின்வெட்டு நேரத்தில் மேசைக் கணினியை நம்பாதீர்கள். சொருகிய முதல் சில வினாடி கணினி கருவியைக் கண்டுகொண்டு பிறகு விட்டுவிட்டால் பூட்லோடர் (ஃபர்ம்வேரை ஏற்றும் சிறு நிரல்) உயிரோடு இருக்கிறது. அந்தச் சில வினாடிக்குள் அப்டேட் தொடங்கும்படி, முதலில் மென்பொருளில் பொத்தானை அழுத்திவிட்டுப் பிறகு வயரைச் சொருகுங்கள். எந்த அசைவும் இல்லை என்றால் தயாரிப்பாளரிடம் கொண்டுபோவதே வழி. மூடிய கன்ட்ரோலரைப் பிரித்தால் வாரண்டி போகும், வேறு பயன் கிடையாது.

பறக்கத் தடை என்று காட்டுகிறது

2021 ட்ரோன் விதிகளின்படி விமான நிலைய எல்லையிலிருந்து 8 கி.மீ.க்குள் தரையிலிருந்தே கட்டுப்பாடு, அதில் 5 முதல் 8 கி.மீ. வரை மஞ்சள் மண்டலம். 8 முதல் 12 கி.மீ. வரை 200 அடி வரைதான் பச்சை. மூன்று மீட்டர் உயரத்தில் மருந்தடித்தாலும் மஞ்சளுக்கு அனுமதி வேண்டும். தஞ்சாவூர் விமானப்படைத் தளம், திருச்சி விமான நிலையம் பக்கத்துக் கிராமங்களில் புறப்படும் முன் மண்டல வரைபடத்தைப் பாருங்கள். மண்டலத்துக்கு வெளியே நின்றும் தடை காட்டினால், ஆப்பில் பழைய வரைபடம் தங்கியிருக்கும். நெட் உள்ள இடத்தில் ஒருமுறை திறந்து புதுப்பியுங்கள். லாக்கில் தேதி இருபது ஆண்டு பின்னால் காட்டினாலும் அனுமதி, லைசென்ஸ் சோதனைகள் தோற்கும். ஜிபிஎஸ்ஸின் வார எண் 1024-க்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்புகிறது. அதைக் கணக்கில் எடுக்காத பழைய மாட்யூல்களில் இப்படி ஆகும். மாட்யூலின் ஃபர்ம்வேரைப் புதுப்பிக்க வேண்டும், அல்லது மாட்யூலையே மாற்ற வேண்டும்.

உங்கள் திரையில் வேறொருவர் ட்ரோன் தெரிகிறது

பேட்டரி 44 காட்டிக்கொண்டிருந்து திடீரென 49 ஆகிறது, வரைபடத்தில் ட்ரோன் பக்கத்து வயலுக்குத் தாவுகிறது. பக்கத்தில் இன்னொருவர் மருந்தடித்துக்கொண்டிருந்தால் காரணம் அதுதான். தனி டெலிமெட்ரி ரேடியோ (ட்ரோனின் தகவலைத் திரைக்கு அனுப்புவது) போட்ட கருவிகளில் நெட்வொர்க் எண் ஆலையிலிருந்தே 25 என்று வருகிறது, ட்ரோனின் அடையாள எண் 1. யாரும் மாற்றுவதில்லை. இரண்டு முனையிலும் ஒரே எண்ணாகப் பார்த்து வேறொன்றை வையுங்கள். அடையாள எண்ணையும் 1-லிருந்து மாற்றுங்கள்.

இது கோளாறு மட்டும் கிடையாது, ரகசியக் கசிவும்தான். மாவ்லிங்க் (ட்ரோனும் திரையும் பேசிக்கொள்ளும் மொழி) தகவல் பூட்டில்லாமல் போகிறது. அதே மாதிரி ரேடியோ வைத்திருப்பவர் உங்கள் ட்ரோன் நிற்கும் இடத்தையும் வேகத்தையும் பார்க்கலாம். மாவ்லிங்க் 2-ல் கையொப்ப வசதி உண்டு. அதைப் போட்டால் பிறர் கட்டளை கொடுக்க முடியாது, ஆனாலும் பார்ப்பதைத் தடுக்காது.

லாக், ஆப், டேப்: தரவு எங்கெல்லாம் கிடக்கிறது

கன்ட்ரோலர் கார்டில் பறந்த பாதை, நேரம், மின்னழுத்தம், பைலட்டின் ஒவ்வொரு குச்சி அசைவும். டேபில் வயல் எல்லை, விவசாயி பெயர், போன் எண், மருந்தின் பெயர். ஆப் நெட்டோடு இணைந்தால் இவற்றில் எவ்வளவு கம்பெனி சர்வருக்குப் போகிறது என்பது அமைப்புப் பக்கத்தில் ஒத்திசைவு எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரு சீசன் தரவைச் சேர்த்துப் பார்த்தால் எந்த ஊரில் எந்த வாரம் என்ன பூச்சி, யார் எந்த மருந்துக்கு எவ்வளவு செலவு செய்கிறார் என்பது வெட்டவெளிச்சம். மருந்து வியாபாரிக்கும் கடன் கொடுப்பவருக்கும் அது பொன்னான பட்டியல். டெல்டாவில் வாய்மொழிக் குத்தகை நிறைய. எந்தத் துண்டை யார் பயிரிடுகிறார் என்று பெயரோடு ஒரு கோப்பு வெளியே போனால் யாருக்குத் தலைவலி என்று சொல்ல வேண்டியதில்லை.

2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 2025 நவம்பரில் அதன் விதிகள் வெளியாகின, கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. சட்டம் வந்து காப்பாற்றும் வரை காத்திருக்காமல் செய்யக்கூடியவை சில உண்டு. ஆப்பில் வயலுக்கு விவசாயி பெயர் வைக்காமல் எண் வையுங்கள். எண்ணுக்கு நேரே பெயர் ஒரு நோட்டில் இருக்கட்டும். ஆப்புக்கு இருப்பிட அனுமதி 'பயன்படுத்தும்போது மட்டும்', தொடர்பு எண்கள் அனுமதி வேண்டாம். எல்லா பைலட்டுக்கும் ஒரே லாகின் கொடுக்காதீர்கள், ஆள் நின்றதும் பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

அதற்காக லாக்கை அன்றன்றே அழித்துவிடாதீர்கள். காற்றில் மருந்து பரவி வெற்றிலைக் கொடிக்கால் கருகியது, இறால் குட்டையில் இறால் செத்தது என்று வழக்கு வந்தால் எத்தனை மணிக்கு எந்த வரப்பு வரை பறந்தீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. மூலக் கோப்பைத் திருத்தாமல் தனி டிரைவில் ஒரு பிரதி வையுங்கள். நேரத்தைப் படிக்கும்போது கவனம்: ஜிபிஎஸ் தரும் நேரம் உலகப் பொது நேரத்தை ஒட்டியது, நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். காலை 6.30-க்கு அடித்தது கோப்பில் நள்ளிரவு 1 மணி என்று நின்றால் திருட்டுத்தனமாகப் பறந்ததாகப் பஞ்சாயத்தில் பேச்சு கிளம்பும்.

கோளாறைக் கேட்க லாக்கைக் குழுவில் போடும்போது அது உங்கள் வீட்டு வாசலையும் சேர்த்தே கொண்டுபோகிறது, ஏனென்றால் முதல் சோதனைப் பறப்பு அங்கேதான் நடந்திருக்கும். மிஷன் பிளானரில் கன்ட்ரோல், எஃப் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் வரும் பட்டியலில் 'அனான் லாக்' இருக்கிறது. அது இடக்குறிகளை மாற்றிப் புதுக் கோப்பு தரும், அதை அனுப்புங்கள். படங்களை வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் உள்ளிருக்கும் இடக்குறி அப்படியே போகும்.

சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் எஸ்டி கார்டை எடுத்துவிட்டு வெறும் கார்டு போடுங்கள், கோளாறு வந்த ஒரு லாக்கை மட்டும் தனியே கொடுங்கள். விற்பதென்றால் ஆப் கணக்கிலிருந்து கருவியைப் பிரித்து, டேபை ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். கார்டை விரைவு ஃபார்மட் செய்தால் கோப்புகளை மீட்டுவிடலாம், முழு ஃபார்மட் போடுங்கள், அல்லது கார்டை வைத்துக்கொண்டு புதுக் கார்டோடு விற்றுவிடுங்கள். யூஐஎன் எண்ணை (ட்ரோனின் பதிவு எண்) டி-3 படிவத்தில் வாங்குபவர் பெயருக்கு மாற்றும் வரை அந்த ட்ரோன் செய்யும் எல்லாவற்றுக்கும் பதிவேட்டில் இருப்பது உங்கள் பெயர்.